கணக்கு எண்ணும் பெயரும்

பொறியாளர், தணிக்கையாளர், வழக்கறிஞர் ஆகியோர் நடத்தும் நிறுவனங்களில் ஆட்கள் சிலரே. அவர்கள் கையாளும் தொகையோ பெரிது. கட்சிக்காரரின் பணமும் இவர்கள் வழியே செல்வதுண்டு. ஏமாற்றுவோர் இவர்களை நாடுவதில் வியப்பில்லை.

திருவனந்தபுரத்துப் பொறியியல் நிறுவனம் ஒன்றின் தலைவர், அகத்தியமலை அடிவாரத்திலுள்ள போனக்காட்டிற்குப் பழைய கட்டடங்களை ஆராயச் சென்றிருப்பதாகக் கொள்வோம். அலுவலகக் கணக்கருக்கு அவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. தாம் மலையில் இருப்பதால் பேச இயலாதென்றும், கருவி விற்றவரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதென்றும், புதிய கணக்கிற்கு இன்றே பணம் அனுப்பவேண்டுமென்றும் அது கூறுகிறது. முகவரி சரியானதாகவே தோன்றும். ஆனால், ஆங்கில 'எம்' எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்னும் இரு சிறிய எழுத்துக்களை நெருக்கி இட்டிருந்தால் கண்ணுக்கு வேறுபாடு புலப்படுவதில்லை.

கணக்கர் விற்றவரின் பெயரையே படிவத்தில் எழுதுகிறார். எனினும் பணம் வேறொருவரைச் சேர்கிறது. ஏனெனில், நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் கணக்கு எண்ணை மட்டுமே கொண்டு பணம் வரவு வைக்கப்படும் என்று ரிசர்வ் வங்கி 2010-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. பெயர் எழுதுவது ஏறக்குறைய ஒரு சடங்காகவே இருந்து வந்தது எனலாம். அனுப்புமுன் கணக்குக்கு உரியவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் அளிக்குமாறு 2024 டிசம்பரில் வங்கிகள் பணிக்கப்பட்டன. இவ்வசதி பெயரைக் காட்டுமேயன்றித் தீர்மானிக்காது. ஒத்த பெயரில் திறக்கப்பட்ட போலிக் கணக்கை அது தடுக்கவும் மாட்டாது.

ஆகவே கணக்கு மாற்றம் பற்றிய செய்தி எதுவாயினும், விற்றவரையே தொலைபேசியில் அழைத்து உறுதி செய்தல் வேண்டும். அழைக்கும் எண் பழைய கோப்பிலிருந்து எடுக்கப்படவேண்டும். வந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைத்தால் ஏமாற்றுவோனே பேசுவான். தலைவர் மலையில் இருப்பது இதற்குத் தடையாகாது. பணத்தை ஒருவர் பதியவும் மற்றொருவர் ஒப்புதல் அளிக்கவும் ஏற்பாடு செய்தல் நன்று.

காசோலைகளுக்கும் 2021 ஜனவரி முதல் ஒரு காப்பு உண்டு: ரூ. 50,000 அல்லது அதற்கு மேற்பட்ட காசோலையின் விவரங்களை வங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்து ஒப்பிடச் செய்யலாம்.

நாள்தோறும் கணக்கை ஒப்பிடுதலின் பயன் 2018 பிப்ரவரியில் விளங்கிற்று. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்து ஸ்விஃப்ட் அமைப்பின் வழியே மூன்று போலி அனுப்பீடுகள் வெளிநாடு சென்றன. அங்கு நிகழ்ந்தது கணினி ஊடுருவல்; முறை வேறு. ஆயினும் கணக்கை ஒப்பிட்டபோதே அது வெளிப்பட்டது. துபாய்க்குச் சென்ற 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது.

அனுமதியற்ற மின்னணுப் பரிமாற்றங்களில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்து 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி நெறிமுறை வெளியிட்டது. கணக்கர் தாமே நம்பி அனுப்பிய தொகை அவ்வகையைச் சாராது. இழப்பு நிறுவனத்தின் தலையிலேயே விழக்கூடும். ஐயம் தோன்றிய உடனே வங்கிக்கும் 1930 என்னும் உதவி எண்ணுக்கும் தெரிவித்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் அதனை முடக்க வாய்ப்புண்டு.