பேரிஜம் ஏன் பனியேரி இல்லை?

காஷ்மீரின் ஹர்முக் சிகரத்தடியில் இருக்கும் கங்காபல் ஏரியைப் படத்தில் பார்த்தவர்கள், கொடைக்கானலை அடுத்த பேரிஜம் ஏரியின் கரையில் நின்றதும் கேட்பார்கள்: "இதுவும் பனிப்பாறை உருகி உண்டான ஏரிதானே?" இல்லை. ஏன் இல்லை என்பதுதான் சுவாரசியம். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

பனியேரிக்கு முதலில் பனியாறு வேண்டும். பெய்த பனி கோடையிலும் கரையாமல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, இறுகி, தன் எடை தாங்காமல் சரிவில் நகரத் தொடங்கும். அதன் அடியில் சிக்கிய கற்கள், தேங்காய்த் துருவியின் பல் மாதிரி மலையைச் சுரண்டும். சிகரத்தடியில் ஆழமாகப் பள்ளம் விழும். பனி பின்வாங்கும்போது, அது தள்ளி வந்த கல்லும் மண்ணும் பள்ளத்தின் வாயில் கரையாகக் கிடக்கும். உருகிய நீர் அங்கே தேங்கும். ஹர்முக் 5,142 மீட்டர் உயரம்; கங்காபல் இருப்பதே 3,500 மீட்டருக்கு மேல்.

ஆனால் பேரிஜம் இருக்கும் பழனி மலைத் தொடரில் உயர்ந்த சிகரமான வந்தரவு, 2,500 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். கொடைக்கானலின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 15 டிகிரி. ஜனவரி விடியலில் புல்லின் மேல் வெள்ளையாகப் படிவது உறைபனி. வெயில் ஏறினால் போய்விடும். பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், இங்கே ஐந்தாறு டிகிரி குறைந்திருந்தது என்று வைத்துக்கொண்டாலும் பனியாறு உருவாகக் குளிர் போதாது. நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்து ராமன் சுகுமாரும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் காலத்துத் தடயம் இருக்கிறது. அவர்கள் கண்டது வறண்ட காலத்துப் புல்வெளியைத்தான்.

மண்ணைப் பார்த்தாலும் தெரியும். மோயர் பாயின்ட் தாண்டி பேரிஜம் சாலையில் போகும்போது, ஓரத்தில் வெட்டுப்பட்ட மேட்டைக் கவனியுங்கள். மேலே கறுத்த வேர்மண், அதன் கீழ் சிவப்பு மண், அதற்கும் கீழே விரலால் நிமிண்டினால் உதிரும் அளவுக்கு மக்கிய பாறை. மழையும் வெயிலும் நெடுங்காலம் செய்த வேலை அது. பனியாறு போன இடமென்றால் இவ்வளவு மண்ணை விட்டுவைத்திருக்காது. மொட்டைப் பாறைதான் மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் ஏரிகள் எப்படி வந்தன? மனிதர்கள் கட்டியவை. கொடைக்கானல் ஏரி, 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து உருவாக்கியது. பேரிஜம் இருக்குமிடம் முன்பு சதுப்பு நிலம். 1860களில் அங்கே முகாமிட்ட டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி, பழங்காலத்தில் அங்கே பெரிய ஏரி இருந்திருக்கும் என்று கருதினார். பிற்காலத்தில்தான் அணை கட்டி நீரைத் தேக்கினார்கள்.

பனி இல்லாத மலையில் கோடைக்கு நீர் எங்கிருந்து வருகிறது? சோலைக்காடும் புல்வெளியும் சதுப்பும் மழையை உள்ளே வாங்கிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. இமயத்தில் பனி செய்யும் சேமிப்பை இங்கே புல்லும் மண்ணும் செய்கின்றன. வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டு நாம் சுருக்கியது இந்தப் புல்வெளியைத்தான். பார்ப்பதற்குப் பச்சையாக இருக்கிறது என்பதற்காக எல்லாக் காடும் ஒன்றாகிவிடாது.

பேரிஜம் போவதென்றால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். காட்டுமாடு நின்றால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். கொண்டுபோன பாலித்தீன் பையைக் கையோடு திரும்பக் கொண்டுவாருங்கள். மலைக்குக் கீழே பெரியகுளம் ஊர் குடிப்பது அந்த ஏரித் தண்ணீரைத்தான்.