யானைக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கியா?

தியடோர் ரூஸ்வெல்ட் 1909 மார்ச்சில் அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கினார். மூன்று வாரம் முடிவதற்குள் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக விலங்கு மாதிரிகள் சேகரிக்கும் பயணம் அது. தனக்கென்று அவர் எடுத்துச்சென்ற ரைபிள்கள் மூன்று: மான் வகைகளுக்கு .30 ஸ்ப்ரிங்ஃபீல்டு, சிங்கத்துக்கு .405 வின்செஸ்டர், யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் செய்த .500/450 இரட்டைக்குழல்.

ஏறத்தாழ அதே காலத்தில், அதே கிழக்கு ஆப்பிரிக்காவில், வால்டர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தந்தத்துக்காக யானைகளை வேட்டையாடிக்கொண்டிருந்தார். அவர் கொன்றவை ஆயிரத்துக்கும் மேல். இன்று வாசிக்கையில் மனம் கசக்கும் கணக்கு. ஆனால் இயற்பியல் மாணவரை வேறொரு விஷயம் நிமிர்ந்து உட்காரவைக்கும். அந்த யானைகளில் பெரும்பகுதியை அவர் வீழ்த்தியது 7 மி.மீ. மௌசர் தோட்டாவால். மான் வேட்டைக்குப் போதும் என்று மற்றவர்கள் நினைத்த தோட்டா அது.

எப்படி முடிந்தது? குழலை விட்டுக் கிளம்பும்போது பெல்லின் குண்டு சுமார் 11 கிராம் எடை, நொடிக்கு 700 மீட்டர் வேகம். ஆற்றல் ஏறத்தாழ 2,700 ஜூல். ரூஸ்வெல்ட்டின் இரட்டைக்குழல் வகையில் குண்டு 31 கிராம், வேகம் நொடிக்கு 650 மீட்டரைத் தாண்டும். ஆற்றல் 6,600 ஜூலுக்குக் குறையாது. ஆற்றலை மட்டும் பார்த்தால் இரண்டும் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

ஆனால் எவ்வளவு ஆழம் துளைக்கும் என்பதை ஆற்றல் மட்டும் தீர்மானிப்பதில்லை. குண்டின் முகப்பில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் பின்னால் எத்தனை எடை நின்று தள்ளுகிறது என்பது முக்கியம். கணக்குப் போட்டால் பெரிய குண்டுக்கு 0.29 கிராம், பெல்லின் குண்டுக்கு 0.27 கிராம். கிட்டத்தட்ட சமம்! காரணம், பெல்லின் குண்டு மெல்லியது, ஆனால் நீளமானது. கோணி ஊசி சாக்கில் இறங்குவதுபோல அது இறங்கும். முழுக்க உலோக உறை போர்த்திய குண்டு என்பதால் எலும்பில் பட்டாலும் எளிதில் நசுங்காது.

மீதியை உடற்கூறியல் பார்த்துக்கொண்டது. யானையின் மண்டையோடு பார்க்கத்தான் பாறை. உள்ளே பெரும்பகுதி தேன்கூடுபோலக் காற்றறைகள். மூளை அதற்குள் பின்பக்கம் தள்ளித் தாழ்வாக இருக்கிறது. பெல் மண்டையோட்டை அறுத்துப் பார்த்தே அந்த இடத்தை மனப்பாடம் செய்தவர். இடம் தெரிந்தவருக்கு 2,700 ஜூல் போதும். அரை அடி தவறினால்? அங்கேதான் பெரிய தோட்டா உதவிக்கு வருகிறது. தவறிய அடியிலும் அது விலங்கை நிலைகுலைய வைத்து, அடுத்த குண்டுக்கு அவகாசம் தரக்கூடும்.

அந்த உதவிக்கு விலை உண்டு. குண்டு முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே உதைக்கும்; நியூட்டன் யாரையும் விட்டுவைப்பதில்லை. ஐந்து கிலோ எடையுள்ள இரட்டைக்குழலின் உதையாற்றல், இலகுவான 7 மி.மீ. ரைபிளைப்போல மூன்று நான்கு மடங்கு. நாலு முறை தோளில் வாங்கியவர் ஐந்தாம் முறை விசையை அழுத்தும்போதே கண்ணைச் சுருக்குவார், தோளை இழுப்பார். குறி போய்விடும். கூடவே எடை. ரூஸ்வெல்ட்டுக்குப் பின்னால் இருநூறுக்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள் நடந்தார்கள். தனியாக மலையேறுகிறவர் தோளில் மூன்று ரைபிள் ஏறாது.

அப்படியென்றால் ஒன்றே போதுமா? 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான .30-06 தோட்டா இதற்கு நல்ல பதில் சொல்கிறது. அதே குழலில் 7 கிராம் குண்டையும் சுடலாம், 14 கிராம் குண்டையும் சுடலாம். குழலுக்குள் செதுக்கிய சுருள் பள்ளம் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால், வெளியேறும் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 3,000 தடவை சுழலும். நீளமான குண்டு தலைகுப்புற விழாமல் நேராகப் பறக்க இந்தச் சுழற்சி போதுமானது. வட அமெரிக்காவில் 50 கிலோ பிராங்ஹார்ன் முதல் 500 கிலோ மூஸ் மான் வரை, பத்து மடங்கு வித்தியாசத்தை, குண்டை மட்டும் மாற்றிச் சமாளித்துவிடலாம். ஆனால் குண்டு மாறினால் விழும் இடமும் மாறும். மறுபடி இலக்குப் பலகையில் சுட்டுக் குறியைச் சரிசெய்தாக வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு ஜெர்மனியின் பிளேசர் நிறுவனம் ஒரு வழி கண்டது. 2008-இல் வந்த அதன் ஆர்8 ரைபிளில் குழலைக் கழற்றி வேறு காலிபர் (துளை விட்டம்) கொண்ட குழலை மாட்டலாம். குறிநோக்கி உடலில் அல்ல, குழலின் மேலேயே உட்காருகிறது. அதனால் குழலோடு குறிநோக்கியும் சேர்ந்தே கழன்று, சேர்ந்தே திரும்ப வருகிறது. சரிசெய்த குறி பெரும்பாலும் கலைவதில்லை. கை பழகிய விசையும் கட்டையும் அப்படியே இருக்கும். ஆனால் ஒவ்வொரு குழலும் ஏறக்குறைய ஒரு துப்பாக்கி விலை, தோட்டாவும் தனித்தனி.

கிழக்கு ஆப்பிரிக்காவிலோ ஐந்து கிலோ டிக்-டிக் மானுக்கும் ஐந்து டன் யானைக்கும் இடையே ஆயிரம் மடங்கு. அந்த இடைவெளியை ஒரு குழல் தாங்காது. ஆக, துப்பாக்கிக் கடைக்குப் போகுமுன் வேட்டைக்காரர் எழுதிவைக்க வேண்டியவை இரண்டு எடைகள்: தான் தேடும் விலங்குகளில் மிகச் சிறியது, மிகப் பெரியது. பத்து மடங்குக்குள் இருந்தால் ஒன்றே போதும். மிச்சப் பணத்தைப் பயிற்சித் தோட்டாக்களில் போடலாம். அதைத் தாண்டினால் இரண்டாவது குழல் ஆடம்பரமல்ல. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான பெருவிலங்குகளுக்கு .375-க்குக் குறைந்த காலிபரைச் சட்டம் அனுமதிப்பதில்லை. மண்டையோட்டை அறுத்துப் படித்த பெல்லுக்கு அந்தச் சட்டம் தேவைப்பட்டிருக்காது. அது பதற்றத்தில் அரை அடி தவறவிடுகிறவர்களுக்காக எழுதப்பட்டது.