காணாத கதிருக்கும் ஒரு காவல்



எக்ஸ்ரே அறை வாசலில் காத்திருப்போர் எங்களிடம் அடிக்கடி கேட்பது: "ஐயா, இந்தக் கதிர் உடம்புக்குக் கெடுதல் செய்யாதா?" நியாயமான பயம்தான். கண்ணுக்குத் தெரியாததை யார் கண்காணிப்பது?

நம் தேசத்தில் அந்தப் பொறுப்பு மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு உரியது. அது 1983 நவம்பர் 15 அன்று நிறுவப்பட்டது. எக்ஸ்ரே கருவியை இயக்க அதன் அனுமதி வேண்டும். சுவரின் கனத்துக்கும் ஊழியரின் பயிற்சிக்கும் விதி உண்டு. ஊழியர் நெஞ்சில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குப் போகிறது. அவர்கள் ஏற்கும் கதிர்வீச்சு ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்டையும், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐயும் தாண்டலாகாது. பொதுமக்களுக்கு வரம்பு 1 மட்டுமே. நோயாளிக்கு இப்படி வரம்பு இல்லை. படம் உண்மையில் தேவையா என்று மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். ஆகவே கர்ப்பிணிகள் அதை முன்னமே சொல்லிவிட வேண்டும்.

காவல் தவறினால் என்ன ஆகும்? ஒரு பல்கலைக்கழகத்தில் உபயோகமின்றிக் கிடந்த கோபால்ட்-60 கருவி பழைய இரும்பாக ஏலம் போனது. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி சந்தையில், இன்னதென்று அறியாமல் அதைப் பிரித்தவர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஒருவர் மரித்தார், பலர் பாதிக்கப்பட்டனர். பழைய கதிர்மூலத்தை வாரியத்தின் அனுமதியோடு உரிய இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற விதியின் அருமை அப்போது விளங்கியது.

ஆகையால் உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு ஈயக் கவசத்துக்கும் பேட்ஜுக்கும் செலவாகும்போது அதை வீண் என்று எண்ணாதிருங்கள். அதுவும் உயிரைக் காக்கும் ஊழியமே.