கணினிக் கணக்கு அழிந்தால் மீட்பது எப்படி?

ஓலைத்தொடுவாய்க் கரையில் கருவாடு வாங்கி விற்கிறவன் நான். எங்கள் தொழிலில் சரக்கைவிடப் பற்றுவரவுதான் பெரிது. முன்பு கொப்பியில் இருந்த கணக்கு இன்று கணினியில் இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் கணினி வேலை செய்யவில்லை. ஹாட் டிஸ்க் பழுதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை சாத்துமுன் எடுத்த நகல் என்னிடம் இருந்தது. அதில் ஒரு மீனவரின் பெயரில் 40,000 ரூபா முற்பணம் நின்றது. ஆனால் சனிக்கிழமை அவர் 12,000 ரூபாவுக்குக் கருவாடு தந்திருந்தார். ஞாயிறு மேலும் 5,000 ரூபா வாங்கியிருந்தார். உண்மைக் கடன் 33,000. நகலை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஏழையிடம் 7,000 ரூபாவை அநியாயமாகக் கேட்டிருப்பேன்.

கைகொடுத்தது ‘லொக்’ எனப்படும் நடவடிக்கைப் பதிவு. நல்ல தரவுத்தளம் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் முதலில் இந்தப் பதிவில் வரிசையாக எழுதிவிட்டுத்தான் கணக்கைத் திருத்தும். நமது நாளேட்டையும் பேரேட்டையும் போலத்தான். என் பதிவு வேறொரு டிஸ்க்கில் இருந்ததால் தப்பியது. கணினி திருத்தும் தம்பி வெள்ளிக்கிழமை நகலை ஏற்றி, அதன்மேல் சனி, ஞாயிறு பதிவுகளை வரிசைப்படி ஏற்றினார். 33,000 சரியாக வந்தது. இடையில் சனிக்கிழமைப் பதிவு தொலைந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பதிவு பயன்படாது, சங்கிலி அறுந்துவிடும். கைதவறி எதையாவது அழித்துவிட்டாலும், அழித்த நேரத்துக்குச் சற்று முன்வரை மட்டும் பதிவை ஏற்றி நிறுத்தலாம்.

நம் நாட்டு அரசாங்கத்துக்கே இந்தச் சோதனை வந்தது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நச்சு நிரல் ஒன்று அரச மின்னஞ்சல் சேவையைத் தாக்கியது. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17ஆம் திகதிக்குப் பிந்தியவற்றுக்குத் தனியான நகல் இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் இழக்கப்பட்டன.

ஆகவே சகோதரர்களே, வாரம் ஒருமுறை முழு நகல் எடுங்கள். நடவடிக்கைப் பதிவை நாள்தோறும் வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். ஒரு பிரதியைக் கணினியிலிருந்து கழற்றி வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை நகலை வேறு கணினியில் ஏற்றி, ஐந்து பேரின் கணக்கையாவது பில் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணாமல் வாங்கிய காசைப் போன்றதுதான் ஏற்றிப் பார்க்காத நகலும். நம் கணினியில் இருப்பது நமது கணக்கு மட்டுமல்ல, அடுத்தவரின் அமானிதமும்தான்.