மேட்டூர் அணையும் அதன் காலதாமதமும்

காவிரிப் பாசனத்தில் குறுவை நெல் ஏறக்குறைய மூன்றரை மாதத்தில் விளையும் பயிராகும். ஆனியில் நாற்று விட்டால்தான் ஐப்பசி அடைமழைக்கு முன் அறுவடை முடியும். ஆற்றில் தண்ணீர் மூன்று வாரம் பிந்திவிட்டால் கதிர் மழையில் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும். அதே வயலில் தாளடி நடவும் தள்ளிப்போகும். தாமதம் என்பதன் பொருளைக் குடியானவர்களுக்கு வேறு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மேட்டூரில் அணை எழும் முன்னர் குடகு மலையிற் பெய்யும் மழையே இவர்களுக்குக் கதியாயிருந்தது. பெருகிவரும் நீரைத் தேக்கி வைக்க இடமில்லாமையால், ஒரு வாரம் கரைபுரண்டு கடலிற் சேரும். மறு வாரம் வாய்க்கால் வற்றும். இக்குறையை நீக்குவதற்காக எல்லிஸ் என்னும் எஞ்சினீயரின் திட்டம் 1910-ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. ஆயினும் வேலை தொடங்கியது 1925-ல். அணை திறக்கப்பட்டது 1934 ஆகஸ்டில். 5,300 அடி நீளமுள்ள அணையைக் கட்டி முடிக்க ஒன்பது ஆண்டு போதுமாயிருக்க, முதற்கல் வைப்பதற்கு முன்பே பதினைந்து ஆண்டுகள் கழிந்தன!

இத்தாமதத்திற்குத் தலையாய காரணம் கல்லும் சுண்ணாம்பும் கிடையாமை அன்று. தண்ணீர்ப் பங்கு தீராமையே. 1892-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மைசூர் சமஸ்தானம் புதிய அணை கட்டுவதற்குச் சென்னை ராஜதானியின் சம்மதம் வேண்டியிருந்தது. கிருஷ்ணராஜசாகரத்தில் 11 டி.எம்.சி. வரை தேக்கச் சென்னை இசைந்தது. மைசூரோ பிற்காலத்தில் 41 டி.எம்.சி.க்கு மேல் தேக்கும் எண்ணத்துடன் 1911-ல் அகன்ற அஸ்திவாரம் இட்டது. வழக்கு மத்தியஸ்தரிடம் சென்றது. 1914-ல் கிரிபின் துரை அளித்த தீர்ப்பு மைசூருக்கு அனுகூலமாயிற்று. சென்னை சர்க்கார் அதனை ஏற்கவில்லை. மேல்முறையீடு சீமை வரை போயிற்று. கடைசியில் 1924 பிப்ரவரி 18-ஆம் தேதியன்றுதான் இரு தரத்தாரும் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டனர்.

அவ்வாண்டு ஜூலையிலேயே காவிரியில் பெருவெள்ளம் வந்தது. கரைகள் உடைந்து வயல்கள் மணல் மூடிக் கிடந்தன. தேக்கம் மட்டும் அன்று இருந்திருக்குமாயின் வெள்ளத்தின் வேகம் ஓரளவேனும் தணிந்திருக்கும். காகிதத்தில் நின்றுபோன வேலைக்குக் குடியானவன் கொடுத்த விலை அது.

அப்படியானால் பங்கு தீரும் வரை காத்திராமல் வேலையைத் தொடங்கியிருக்கலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். அவ்வாறு தொடங்கிய கிருஷ்ணராஜசாகரமும் 1930-களின் தொடக்கத்தில்தான் முடிவுற்றது. பதினான்கு ஆண்டு பிந்தித் தொடங்கிய மேட்டூர் அணை அதற்குச் சில ஆண்டுகளே பின்னதாக முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது. தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஊர்ப்பொதுவில் உட்கார்ந்து முறையைப் பேசித் தீர்க்காமல் மதகு கட்டத் துணிந்தால், பாதிச் சுவரோடு வேலை நிற்பதை எந்தக் கிராமத்திலும் காணலாம். பேச வேண்டியதுதான், ஆனால் ஒரு பருவத்திற் பேசித் தீர்க்கக் கூடியதைப் பத்துப் பருவம் நீட்டியது எவ்வகையிலும் தகாது.

1924-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் சில பிரிவுகளை ஐம்பது ஆண்டு கழித்து மறுபரிசீலனை செய்வதென்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. அத்தவணை 1974-ல் வந்தது. வழக்கு அதன் பின்னரும் பல ஆண்டுகள் நடந்தது.

இடம் பெயர்ந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேக்கத்தின் நீரில் பல கிராமங்கள் மூழ்கின. நீர்மட்டம் மிகவும் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடியருகே பழைய கோயிலின் நந்தியும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளித்தோன்றும். வண்டல் படிந்த அந்நிலத்தில் அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் ஏர் பூட்டி, நீர் திரும்பி ஏறுவதற்குள் குறுகிய காலப் பயிர் ஒன்றை எடுத்துவிடுவார்கள்.