விலை இறங்காத சந்தையில் விலைபோகாத வீடுகள்

வீடொன்றைக் கட்டுவதைக் காட்டிலும் அதனை விற்பதே கடினமானது என்பதை 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் எமது மக்களில் பலர் அனுபவபூர்வமாக அறிந்துகொண்டனர். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையின் கட்டணம், மகளின் திருமணம், தொழிலில் ஏற்பட்ட கடன், பெற்றோரின் வைத்தியச் செலவு எனப் பல காரணங்களுக்காக வீட்டை விற்க முனைந்தவர்கள் மதிலில் பலகையைத் தொங்கவிட்டுக் காத்திருந்தனர். பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போயினர். மாதங்கள் உருண்டோடிப் பலகையின் எழுத்துகளும் மங்கின. ஆனால் கேட்கப்பட்ட விலை மாத்திரம் மாறவில்லை.

வீட்டுச் சந்தையின் விசித்திரமே இதுதான். திருநெல்வேலிச் சந்தையில் காலையில் விலைபோகாத தக்காளி மாலையில் பாதி விலைக்குப் போகும். வாங்குவோர் குறைந்தால் விலை இறங்க வேண்டும் என்பது பொருளியலின் அரிச்சுவடி. வீட்டின் விடயத்தில் விலை இறங்குவதில்லை. காத்திருக்கும் காலமே நீள்கின்றது.

இது எமது நாட்டுக்கு மாத்திரம் உரிய நோயன்று. 1990 களில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத் தொடர்மாடி மனைகளின் விற்பனையை ஆராய்ந்த டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் ஆகிய இரு பொருளியலாளர்கள் தமது முடிவுகளை 2001 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வாங்கிய விலையிலும் குறைவாக விற்க நேர்ந்தவர்கள் ஏனையோரைவிடக் கூடிய விலையைக் கேட்டனர் என்பதும், அவர்களின் மனைகள் விற்பனையாவதற்குக் கூடிய காலம் எடுத்தது என்பதும் அதில் தெரியவந்தன. தான் கொடுத்த விலை விற்பவரின் மனதில் நிற்கின்றது. வாங்க வருபவருக்கோ அந்த விலையோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லை.

2022 இல் வாங்குவோர் எங்கே மறைந்தனர் என்பதற்கான விடை வட்டி வீதத்தில் உள்ளது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வணிக வங்கிகளின் வீடமைப்புக் கடன் வட்டியும் கூடவே ஏறியது. 20 வருடங்களில் செலுத்தி முடிக்கும் வகையில் 10 வீத வட்டிக்கு ஒரு கோடி ரூபா கடன் பெறுபவரின் மாதாந்தத் தவணை ஏறத்தாழ 96,500 ரூபாவாகும். வட்டி 20 வீதமானால் அதே கடனுக்கு மாதாந்தம் ஏறத்தாழ 1,70,000 ரூபா செலுத்த வேண்டும். அதனை மறுபுறமாகப் பார்த்தால், மாதம் 96,500 ரூபா மாத்திரமே செலுத்தக்கூடிய ஓர் அரசாங்க உத்தியோகத்தர் தம்பதியால் 20 வீத வட்டியில் 57 இலட்சம் ரூபாவுக்கு மேல் கடன் பெற முடியாது. வீட்டில் எந்தக் குறையும் இல்லை. வாங்க வந்தவரின் கைக்கு எட்டும் தொகைதான் 43 இலட்சத்தால் சுருங்கிவிட்டது.

இத்தகைய நிலையில் விலை இறங்கியிருக்க வேண்டும். ரூபாக் கணக்கில் அது இறங்கவில்லை. மத்திய வங்கி வெளியிடும் கொழும்பு மாவட்டக் காணி மதிப்பீட்டுச் சுட்டெண் 2022 ஆம் ஆண்டிலும் உயர்வையே காட்டியது. ஆயினும் அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரிசியும் மருந்தும் சீமெந்தும் அந்த வேகத்தில் ஏறுகையில், "நான் இரண்டு கோடிக்கு ஒரு சதமும் குறைக்கமாட்டேன்" என்று உறுதியாக நின்றவர் உண்மையில் ஒவ்வொரு மாதமும் விலையைக் குறைத்துக்கொண்டேயிருந்தார். அது அவருக்குத் தெரியவில்லை.

டொலரில் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலரொன்று ஏறத்தாழ 203 ரூபாவாக இருந்தபோது இரண்டு கோடி ரூபாவின் பெறுமதி ஏறத்தாழ 98,500 டொலர். 2023 இன் இறுதியில் டொலர் 325 ரூபா அளவில் நின்றபோது அதே இரண்டு கோடி ஏறத்தாழ 61,500 டொலராகியது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் படிக்கும் பிள்ளைக்காக வீட்டை விற்றவருக்கு இந்த இரண்டாவது கணக்கே உண்மைக் கணக்கு.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2022 இன் பிற்பகுதியில் 91 நாள் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தையும் தாண்டியிருந்தது. அவ்வேளையில் வீட்டை 1.7 கோடிக்கு விட்டுக்கொடுத்து, அப்பணத்தை 25 வீத வட்டியில் ஒரு வருடம் வைத்திருந்த ஒருவரின் கையில், வரிக்கு முன்னர் 2 கோடியே 12 இலட்சத்துக்கு மேல் இருந்திருக்கும். வட்டியைத் தவிர்க்கும் முஸ்லிம் வாசகர்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது என்பது உண்மையே. ஆயினும் கடைக்குச் சரக்கெடுத்த கடனோ வாகனத் தவணையோ தலைக்கு மேல் நிற்கையில், விற்காத வீடு மாதாமாதம் எவ்வளவைத் தின்கின்றது என்பதை அவர்களும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இதனைக் கூறுவதால் எல்லோரும் கிடைத்த விலைக்கு விற்றுவிட வேண்டும் என்று கொள்ளலாகாது. 2023 ஜூன் மாதம் தொடங்கி வட்டி வீதங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 2024 நவம்பரில் 8 வீதமாக அறிமுகமான ஓரிரவுக் கொள்கை வீதம் 2025 மே மாதத்தில் 7.75 வீதமாகியது. கடன் வாங்கி வீடு தேடுவோர் மீண்டும் தலைகாட்டினர். அவசரமில்லாதவர்களுக்குப் பொறுமை பயன் தந்தது எனலாம். காத்திருக்க இயலாதவர்கள் காத்திருக்க இயன்றவர்களைப் போல் நடந்துகொண்டதே கவலைக்குரியது. வருமானம் நின்றுபோன குடும்பம் விலையை முதல் மூன்று மாதங்களுக்குள் குறைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையைவிட, ஒன்றரை வருடம் கழித்துக் கடன்காரரின் நெருக்குதலில் குறைத்தபோது கிடைத்தது குறைவாகவே இருந்திருக்கும்.

விலை ஒருபுறமிருக்க, மந்தமான சந்தையில் விற்பனையைக் குழப்பும் இன்னொன்று உறுதியாகும். சந்தை சூடாக இருக்கும்போது காசோடு வருபவர் உறுதியிலுள்ள சிறு குறைகளைப் பொருட்படுத்துவதில்லை. சந்தை தணிந்தால் எஞ்சுபவர் வங்கிக் கடனை நம்பி வருபவரே. அவருக்கு வீடு பிடித்தால் போதாது. வங்கியின் சட்டத்தரணிக்கும் பிடிக்க வேண்டும். வழமையாக 30 வருட உரித்து வரலாற்றைக் காணிப் பதிவகத்தின் ஏடுகளில் தேடிப்பார்க்கும் அவர், ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் கோவையை மூடிவிடுவார். வட்டியில்லா முறையில் வீடு வாங்குவதற்கு நிதியளிக்கும் நிறுவனங்களும் இதில் தளர்வு காட்டுவதில்லை. அம்முறையில் நிறுவனமே வீட்டின் பங்காளியாகவும் ஆகக்கூடும் என்பதால் உரித்தின் தூய்மை அதற்கு இன்னும் முக்கியமானது.

எமது சமூகங்களில் இக்கண்ணி பெரும்பாலும் வாரிசுரிமையில்தான் அறுகின்றது. முஸ்லிம் குடும்பமொன்றில் தந்தை மனைவியையும் இரு ஆண்மக்களையும் ஒரு மகளையும் விட்டு மரணித்தாரெனக் கொள்வோம். அவரது பெற்றோரும் முன்னரே காலமாகிவிட்டனர். 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் அங்கீகரிக்கும் ஷரீஅத் பங்கீட்டின்படி வீட்டின் 40 பங்குகளில் 5 மனைவிக்கும், 14 வீதம் ஒவ்வொரு மகனுக்கும், 7 மகளுக்கும் சேரும். நால்வரும் கையொப்பமிட்டாலன்றி முழு வீட்டையும் விற்க இயலாது. மகன்களில் ஒருவர் கட்டாரில் இருந்தால் அவரது அற்றோர்ணித் தத்துவம் வந்துசேர வேண்டும். வாங்குபவர் வந்த பின்னர் இதனைத் தேடத் தொடங்கினால், அது வந்துசேரும் வேளையில் அவர் வேறு வீட்டுக்கு முற்பணம் கொடுத்திருப்பார்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் நிலைமை வேறு. அச்சட்டத்துக்கு உட்பட்ட பெண், தனது சீதன வீடாயினும் அதனை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. கணவன் காணாமலாக்கப்பட்ட அல்லது பிரிந்து சென்ற பெண்கள் இதனால் நீதிமன்றம் ஏற வேண்டியுள்ளது. சொந்த வீட்டை விற்க இவ்வளவு அலைய வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே. பிரிபடாத பங்கொன்றை வெளியாருக்கு விற்க முனைவோர், 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி உடன்பங்காளிகளுக்கு உள்ள முற்கொள்வனவு உரிமையையும் மனங்கொள்ள வேண்டும். அறிவித்தல் கொடுக்காமல் விற்ற பங்கு பின்னர் வழக்காகும் என்ற அச்சத்திலேயே பல கொள்வனவாளர்கள் பின்வாங்குகின்றனர்.

கிழக்கிலோ வீட்டுச் சந்தையே மெல்லியது. மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பகுதிகளில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணம்முடித்து வைக்கின்றனர். வீடு சீதனமாகக் கைமாறும் ஊரில் அதனைக் காசுக்கு வாங்குபவர் அரிது. அத்துடன், மகளுக்கென வாய்ச்சொல்லில் கொடுத்து உறுதி எழுதாமல் விட்ட வீடுகளும் உண்டு. தகப்பனின் மறைவுக்குப் பின்னர் அவை சகோதரர் அனைவரின் பெயரிலும் சிக்கிக்கொள்கின்றன.

வற்புறுத்தப்பட்ட விற்பனை என்னவென்பதை வடபுலத்து முஸ்லிம்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டவர்களில் 2002 போர்நிறுத்தத்தின் பின்னர் ஊர் சென்று பார்த்த சிலர், கூரையற்றுப் போன வீடுகளையும் வளவுகளையும் வந்த விலைக்கு விற்றுவிட்டே திரும்பினர். தமது காணியில் பிறர் பத்து வருடங்களுக்கு மேல் இருந்ததனால் ஆட்சியுரிமை கோரப்படுவதைத் தடுக்கவென 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, அவர்கள் எழுதிக்கொடுத்த உறுதிகளை அச்சட்டத்தால் மீட்டுத்தர முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் பலரும் ஏங்கிக் காத்திருப்பது இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து வரும் கொள்வனவாளரை. அவர் பிரித்தானிய அல்லது கனேடியப் பிரசையாகி, இலங்கையின் இரட்டைப் பிரசாவுரிமையைப் பெறாதவராயின், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிக் கைமாற்ற மட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். அச்சட்டப்படி வெளிநாட்டவர் இங்கு காணி வாங்க இயலாது. தொடர்மாடி மனையை, முழுத் தொகையையும் முன்கூட்டியே வெளிநாட்டு நாணயத்தில் அனுப்பி வாங்குவது விதிவிலக்குகளுள் ஒன்றாகும். ஆகவே விலை பேசுவதற்கு முன்னர் கேட்கவேண்டிய முதற்கேள்வி பிரசாவுரிமை பற்றியதாக இருத்தல் நன்று. வெள்ளவத்தை, தெஹிவளைப் பகுதிகளில் மனையை விற்க விரும்புவோர் கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழும் பதிவுசெய்யப்பட்ட தொடர்மாடித் திட்டப்படமும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். அவை இல்லாத மனைக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது.

வரி விடயத்தில் ஒரு சொல். உறுதி மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதமும் எஞ்சியதற்கு 4 வீதமுமாகும். இரண்டு கோடி வீட்டுக்கு இது ஏறத்தாழ 8 இலட்சம் ரூபா. வழமையில் வாங்குபவரே இதனைச் செலுத்துவதால், உறுதியில் தொகையைக் குறைத்து எழுதுமாறு அவர் வற்புறுத்துவதுண்டு. அதற்கு இணங்குபவர், எழுதப்படாத தொகையைப் பின்னர் எந்த நீதிமன்றத்திலும் இலகுவில் நிரூபிக்க இயலாதவராகிறார். விற்பவருக்குரியது மூலதன ஆதாய வரி. 2018 ஏப்ரலில் 10 வீதமாக அறிமுகமான இது தனிநபர்களுக்கு 2025 ஏப்ரலில் 15 வீதமாக்கப்பட்டது. விற்பதற்கு முன்னைய மூன்று வருடங்கள் தொடர்ச்சியாக உடைமையாக வைத்திருந்து, அதில் இரு வருடங்களாவது வாழ்ந்த சொந்தப் பிரதான வசிப்பிடத்துக்கு இவ்வரி இல்லை. ஏனைய பழைய ஆதனங்களுக்கு 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதிய சந்தைப் பெறுமதியே அடிப்படை விலை. அத்திகதிக்குரிய மதிப்பீட்டறிக்கை கையிலிருந்தால் வரி பெருமளவு குறையக்கூடும்.

விலையை நிர்ணயிப்பதற்கும் அயல்வீட்டார் எவ்வளவு கேட்டார் என்பது அளவுகோலாகாது. அவர் கேட்ட விலைக்கு விற்கவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. வங்கிகள் ஏற்றுக்கொள்ளும் பட்டய மதிப்பீட்டாளர் ஒருவரிடம் முன்கூட்டியே அறிக்கை பெறுவது சிறந்தது. அதில் சந்தைப் பெறுமதியுடன், கட்டாய விற்பனையில் கிடைக்கக்கூடிய குறைந்த பெறுமதியும் குறிக்கப்படுவதுண்டு. கேட்கும் விலைக்கும் இறங்கக்கூடிய எல்லைக்கும் இவையிரண்டும் வழிகாட்டும். ஐந்து தரகர்களிடம் ஐந்து விலை சொல்லிவைப்பதைப் போல் வீட்டின் மதிப்பைக் கெடுப்பது வேறொன்றில்லை. வாங்க வருபவர் மிகக் குறைந்த விலையையே எங்கிருந்தாவது கேள்விப்பட்டு வருவார்.

இத்தனைக்கும் பின்னர் ஒருவர் விலைக்கு இணங்கி வந்தால், ஐந்து இலட்சமோ பத்து இலட்சமோ முற்பணம் வாங்கிக்கொண்டு வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டிக் கையொப்பமிடுவதே எமது வழக்கம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதற்கான உடன்படிக்கையும் உறுதியைப் போலவே நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டாலன்றிச் சட்டவலுப் பெறாது. வெள்ளைத்தாளை நம்பி ஏனைய கொள்வனவாளர்களைத் திருப்பி அனுப்பியவர், மூன்று மாதம் கழித்து "கடன் கிடைக்கவில்லை" என்று அவர் வந்து நிற்கும்போது வீட்டை வாங்குமாறு அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. உடன்படிக்கையில் முற்பணத் தொகை, மீதியைச் செலுத்தவேண்டிய இறுதித் திகதி, வங்கி கடன் மறுத்தால் முற்பணம் யாரைச் சேரும் என்ற மூன்றையும் தெளிவாக எழுதுவித்துக்கொண்ட பின்னரே மதிற்பலகையைக் கழற்றலாம்.