முதலில் செடி, பிறகு கூரை

"அண்ணே, கூரை போட எவ்வளவு செலவாகும்?"

மிளகாய் பயிரிட ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். தெலுக் பங்லிமா காராங்கில் வார இறுதிகளில் புதியவர்களுக்குப் பயிர்த்தொழில் கற்றுக்கொடுத்து வருகிறேன். கிள்ளான், ஷா ஆலம், பிரிக்பீல்ட்ஸ் என்று பல இடங்களிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். அலுவலக வேலையில் இருப்பவர்கள், வேலை இழந்தவர்கள், ஓய்வுபெறப் போகும் அப்பாவுக்கு ஒரு தொழில் தேடுகிறவர்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும். யூடியூப்பில் பார்த்த பிளாஸ்டிக் கூடாரம் கண்ணுக்குள் நிற்கும்.

அவர்களிடம் நான் சொல்வது: "முதலில் 200 பைகளில் ஒரு போகம் எடுங்கள். கூரையைப் பற்றி அப்புறம் பேசலாம்." இதைக் கேட்டுச் சிலருக்கு முகம் வாடிவிடும். ஆனால், அவர்களுடைய சேமிப்பைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

குளிருக்கா, மழைக்கா?

நாம் இணையத்தில் பார்க்கும் கூடாரங்களில் பல, குளிர் நாடுகளில் போடப்பட்டவை. அமெரிக்க வேளாண் துறை 2009-ஆம் ஆண்டு இறுதியில் இத்தகைய கூடாரங்களுக்கு நிதியுதவி தரும் சோதனைத் திட்டத்தை அறிவித்தது. குளிர் தொடங்கிய பிறகும் சில வாரங்கள் கூடுதலாகப் பயிர் எடுப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. அங்கே கூடாரம் செடிக்குப் போர்வை.

இங்கே அது குடை. சிலாங்கூர் கரையோரத்தில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது நோய்க் கிருமிகளும் சேர்ந்து தெறிக்கின்றன. மிளகாய்ப் பழத்தில் கறுப்பு வட்டமாகக் குழிவிழும் பழ அழுகல் நோய் பரவுவதற்கு அந்த ஈரமே போதும். போட்ட உரமும் அடித்த மருந்தும் மழையில் கரைந்து ஓடிவிடும். அதனால்தான் நம் நாட்டில் இதை 'மழைக்காப்புக் கூடாரம்' என்ற பொருளில் மலாயில் அழைக்கிறார்கள்.

கேமரன் மலையில் பார்த்த கூடாரத்தை அப்படியே இங்கே போடலாமா என்றும் கேட்கிறார்கள். அந்த மலை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் கடல்மட்டத்தில் இருக்கிறோம். தாழ்வான கூரை போட்டு நான்கு பக்கமும் மூடினால், நண்பகலில் உள்ளே நிற்கவே முடியாது. அந்தச் சூட்டில் மிளகாய்ப் பூக்கள் உதிர்ந்துவிடும். செடி பச்சைப் பசேலென்று நிற்கும், காய் இருக்காது. நம் ஊருக்குக் கூரை உயரமாக இருக்க வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும், உச்சியில் சூடான காற்று வெளியேற வழி வேண்டும்.

கூரை கொண்டுவரும் வேலை

கூரை போட்டால் வேலை குறையும் என்று நினைக்கிறார்கள். வேலையின் தன்மைதான் மாறுகிறது. இலைப்பேனையும் சிலந்திப்பேனையும் மழை ஓரளவு அடித்துக் கழுவிவிடும். கூரையின் கீழ் அந்த உதவி கிடைக்காது. வறண்ட இடத்தில் அவை வேகமாகப் பெருகும்.

வகுப்பில் நான் முதலில் காட்டுவது சுருண்ட இலையைத்தான். விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன் மீது சந்தேகப்படலாம். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேனாக இருக்கலாம். வெள்ளை ஈ கொண்டுவரும் நச்சுயிரி என்றால், இலை மஞ்சளாகிச் சுருங்கி, செடி வளர்ச்சி குன்றிவிடும். அதற்கு மருந்து இல்லை. செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். மூன்றுக்கும் ஒரே மருந்தை அடிப்பவர் பணத்தையும் இழப்பார், செடியையும் இழப்பார்.

பூச்சி வலை கட்டினால் போதாதா? வலைக்கண் சிறிதாக இருந்தால் பூச்சி நுழையாது, காற்றும் சரியாக வராது. எதை விட்டுக்கொடுப்பது என்பதை உங்கள் இடத்தின் சூட்டையும் காற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

200 பைகளின் பாடம்

ஜாலான் கெபுன், ஜொஹான் செத்தியா பக்கம் புளிப்புத் தன்மையுள்ள பீட் மண். கரையோரம் நீர் தேங்கும் களிமண். அதனால் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளில், சொட்டுக் குழாய் வழியாக உரநீர் விடும் முறை புதியவர்களுக்கு ஏற்றது. நார்த்தூளில் உப்பு இருக்கும், நட்டுவைப்பதற்கு முன் நன்றாக அலச வேண்டும்.

உரம் 'ஏ', 'பி' என்று இரண்டு தொட்டிகளில் வருவதற்குக் காரணம் உண்டு. ஒன்றில் கால்சியம், மற்றொன்றில் பாஸ்பேட்டும் சல்பேட்டும் இருக்கும். கெட்டியான நிலையில் இரண்டையும் கலந்தால் சுண்ணாம்பு போலப் படிந்து சொட்டுக் குழாயை அடைத்துவிடும். உரநீரின் செறிவை ஈசி மானியால் அளக்கிறோம். நாற்று நட்டதும் 1.5 அளவில் தொடங்கி, காய்க்கும் பருவத்தில் 2.5 வரை உயர்த்தலாம். பிஎச் அளவு 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். பையின் அடியில் வடியும் நீரையும் அளந்து பாருங்கள். உள்ளே விடுவதைவிட அதன் ஈசி மிக அதிகமாக இருந்தால், பையில் உப்பு தங்குகிறது என்று பொருள். கூரையின் கீழ் அதைக் கழுவ மழை வராது, நீங்கள்தான் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

நாற்று நட்டு இரண்டரை மாதத்திலிருந்து மூன்று மாதத்திற்குள் முதல் பறிப்பு வரும். நன்கு பராமரித்தால் ஒரு செடி 2 கிலோவோ அதற்கு மேலோ தரும். ஆனால், முதல் போகத்திற்குக் கணக்குப் போடும்போது செடிக்கு ஒரு கிலோ என்றே போடுங்கள். 200 செடிக்கு 200 கிலோ. கிலோ 6 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 1,200 ரிங்கிட். விதை, பை, உரம், குழாய்ச் செலவையெல்லாம் கழித்தால் மிச்சம் சொற்பம். இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்தவர்கள் சிறிய செலவோடு விலகிக்கொள்கிறார்கள். தொடர்கிறவர்கள் தெளிவோடு தொடர்கிறார்கள்.

நிலம் யாருடையது?

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி இது. நம் தாத்தா பாட்டிகள் தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டினார்கள், லயத்தின் பின்புறம் கத்தரியும் முருங்கையும் வளர்த்தார்கள். அந்த நிலம் அவர்கள் பெயரில் இருந்ததில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது வெறுங்கையோடு வெளியேறினார்கள்.

இன்றும் பலர் டிஓஎல் என்னும் தற்காலிக உரிமத்தில் பயிர் செய்கிறார்கள். அந்த உரிமம் ஆண்டு முடிவில் காலாவதியாகும், மறுபடியும் புதுப்பிக்க வேண்டும். கூரைச் சட்டமோ பல ஆண்டுகள் நிற்பது. பிளாஸ்டிக்கை மாற்றுவதற்கே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஓராண்டு உறுதி மட்டுமே உள்ள நிலத்தில் பல ஆண்டு முதலீட்டைப் போடலாமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். தனியார் நிலமானால் வாய்ச்சொல் போதாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்.

நம் நாட்டில் மிளகாய்க்குச் சந்தை உண்டு. தேவையில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. விவசாய இலாகாவும் மார்டியும் பயிற்சி தருகின்றன, விற்பனைக்கு ஃபாமாவை அணுகலாம், கடனுக்கு அக்ரோபேங்க் இருக்கிறது. இவர்களிடம் போகும்போது ஒரு போகத்தின் குறிப்பேடு கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அந்தக் குறிப்பேட்டில் தினமும் ஈசி, பிஎச், பார்த்த பூச்சி, பறித்த எடை ஆகியவற்றை எழுதுங்கள். மழையால் அழுகிக் கொட்டிய காய்களையும் நிறுத்து, எத்தனை கிலோ என்று தனியாகக் குறித்துவையுங்கள். இரண்டு போகம் முடிந்ததும் அந்தக் கிலோவைப் பணமாக்கிப் பாருங்கள். கூரைக்கு நீங்கள் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அந்தத் தொகையே சொல்லிவிடும்.